பானெட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட் மாட்டலாமா? வாங்குவதற்கு முன் போட வேண்டிய ஒரு கணக்கு

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருந்தோம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்த்து அப்பா காரை ஓரம் கட்டினார். நான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி, உள்ளே படுத்திருந்த கம்பியை எடுத்து ஓட்டையில் சொருகினேன். சரியாகச் சொருகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு டிரெய்லர் லாரி பக்கத்தில் உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் பானெட் லேசாக மேலே எழும்பியது. கம்பி நழுவியது. பானெட் தொப்பென்று விழுந்தது.

என் தலை வெளியே இருந்தது. முழங்கை உள்ளே இருந்தது. நாலு நாள் வீக்கத்தோடு போயிற்று.

அன்று ராத்திரியே மொபைலை எடுத்து 'பானெட் ஹைட்ராலிக்' என்று தேடினேன். ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை விதவிதமான கிட் வரிசையாக வந்து நின்றன. இருப்பதிலேயே பலமானதை வாங்கிவிடலாம் என்று கார்ட்டில் போட்டேன். நல்ல வேளை, அன்றைக்குப் பணம் கட்டவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் 'பலமானது' என்றால் 'பாதுகாப்பானது' என்று அர்த்தமில்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில், கேஸ் ஸ்ட்ரட் என்றால் என்ன?

உங்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த பொருள்தான். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியைத் திறந்தால், பாதி வழிக்கு மேல் அதுவாகவே மெதுவாக மேலே போகிறதல்லவா? இரண்டு பக்கமும் தெரியும் அந்தக் கருப்பு சிலிண்டர்தான் கேஸ் ஸ்ட்ரட். கார் இல்லாதவர்களும் இதன் மேல்தான் தினமும் உட்கார்கிறார்கள். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலோ ஓ.எம்.ஆரிலோ ஆபீஸ் நாற்காலியின் லீவரை இழுத்தால் சீட் மேலே எழும்புவதும் இதே தொழில்நுட்பம்தான். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-ல் கேஸ் ஸ்பிரிங்கைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அங்கிருந்து டிக்கி, பானெட், நாற்காலி, ஸ்டோரேஜ் கட்டில் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

கடையில் இதை 'ஹைட்ராலிக்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் தூக்கும் வேலையைச் செய்வது எண்ணெய் இல்லை, வாயு. சிலிண்டருக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன் இருக்கும். கூடவே கொஞ்சம் எண்ணெய். நடுவில் ஒரு பிஸ்டன், அதிலிருந்து வெளியே நீளும் ஒரு ராட்.

ஒரு சந்தேகம் வரும். பிஸ்டனில் சின்ன ஓட்டை இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்புறம் ராட் ஏன் வெளியே தள்ளப்படுகிறது? விடை எளிது. பிஸ்டனின் ஒரு பக்கத்தில் முழு வட்டத்தின் மேலும் வாயு அழுத்துகிறது. மறு பக்கத்தில் ராட் அடைத்துக்கொண்ட இடம் போக மிச்ச வட்டத்தின் மேல்தான் அழுத்துகிறது. அந்த வித்தியாசம்தான் தள்ளும் விசை. அதாவது, உள்ளே இருக்கும் அழுத்தம் பெருக்கல் ராடின் குறுக்குப் பரப்பு. அவ்வளவுதான்.

எண்களில் பார்த்தால் இதன் வீரியம் புரியும். 8 மி.மீ. தடிமன் ராட் உள்ள ஒரு ஸ்ட்ரட் 150 நியூட்டன் விசை தர வேண்டுமென்றால், உள்ளே சுமார் 30 பார் அழுத்தம் வேண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார். கிட்டத்தட்ட 13 மடங்கு! கட்டை விரல் தடிமனில் இருக்கும் இந்தக் குட்டி சிலிண்டரை ஏன் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். எரியும் காரை அணைக்கப் போகும் தீயணைப்பு வீரர்களுக்கு பானெட், டிக்கி ஸ்ட்ரட்டுகள் வெடித்துப் பாயக்கூடியவை என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள்.

எண்ணெயின் வேலை வேறு. ராட் முழுவதும் வெளியே வரும்போது 'டொக்' என்று முட்டாமல் மெதுவாக நிறுத்துவது ஒன்று. வாயு கசியாமல் தடுக்கும் சீலை ஈரமாக வைத்திருப்பது இன்னொன்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது உதவும்.

ஒரே சாலை, இரண்டு பானெட்

தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் மறைமலை நகர். ஃபோர்டு நிறுவனம் 2022 ஜூலையில் கார் உற்பத்தியை நிறுத்திய ஆலை அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபிகோ அங்கே தயாரானது. இன்னும் கொஞ்சம் தூரம் போனால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் அங்கே அசெம்பிள் ஆகின்றன. இரண்டுமே அதே ஜி.எஸ்.டி. சாலை வட்டாரம்தான். ஆனால் ஃபிகோவின் பானெட்டைத் தாங்குவது ஒரு கம்பி. பி.எம்.டபிள்யூ பானெட்டைத் தாங்குவது கேஸ் ஸ்ட்ரட்.

விலைதான் காரணமா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் அது மட்டுமில்லை. கம்பிக்கு எடை குறைவு, சீல் கிடையாது, கசிவு கிடையாது. 15 வருடம் கழித்தும் அதே கம்பி அதே வேலையைச் செய்யும். கேஸ் ஸ்ட்ரட்டோ ஒரு நாள் நிச்சயம் தளரும். பழைய ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஒரு கையால் டிக்கியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காய்கறிப் பையை எடுக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்த கலை.

எனவே கம்பி என்பது 'கஞ்சத்தனம்' இல்லை. அதற்கும் ஸ்ட்ரட்டுக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு பலவீனம்.

அப்படியென்றால் யாருக்கு இது தேவை?

மாதம் ஒரு தடவை வாஷர் தண்ணீர் ஊற்ற மட்டும் பானெட்டைத் திறப்பவருக்கு இது அவசியமே இல்லை. ஆனால் தென்சென்னைப் புறநகரில் பானெட்டை அடிக்கடி திறக்கக் காரணங்கள் உண்டு.

ஒன்று, எலி. செம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை என்று ஏரியை ஒட்டி வீடு இருப்பவர்களிடம் கேளுங்கள். ஒயரைக் கடித்து வைத்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவையாவது தூக்கிப் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்க பானெட்டைத் திறந்தே போடுபவர்களும் உண்டு. இரண்டு, மழை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்ன செய்தது என்பதும் மறக்கக்கூடியதா? தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் முதலில் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இன்ஜினைக் காப்பாற்றும் வழி. மூன்று, வயது. தோள்பட்டை வலி இருக்கும் பெரியவர்களுக்கு, ஒரு கையால் பானெட்டைத் தாங்கிக்கொண்டே மறு கையால் சூடான கம்பியைத் தேடி எடுப்பது சிரமம்தான்.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

எத்தனை நியூட்டன் வேண்டும்? வீட்டிலேயே போடலாம் கணக்கு

ஸ்ட்ரட்டின் சிலிண்டரில் அதன் விசை நியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோ தள்ளும் என்பது கிடைத்துவிடும். 150 நியூட்டன் என்றால் சுமார் 15 கிலோ.

உங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு: விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு, ஒரு டேப். எங்கள் காரில் நான் எடுத்த அளவுகளையே உதாரணமாகத் தருகிறேன்.

பானெட் லாக்கை விடுவித்து, அதன் முன் விளிம்பின் நடுவில் தராசை மாட்டி மெல்லத் தூக்கினேன். காட்டியது 7 கிலோ. இது பானெட்டின் முழு எடை இல்லை. மிச்சத்தைப் பின்னால் இருக்கும் கீல் தாங்குகிறது. நமக்கு இந்த 7 கிலோ போதும்.

அடுத்து பானெட்டை முழுதாகத் திறந்து கம்பியில் நிறுத்தினேன். கீலிலிருந்து முன் விளிம்பு வரை தரைக்கு இணையாக எவ்வளவு தூரம் என்று அளந்தேன். மூடியிருக்கும்போது 100 செ.மீ. திறந்திருக்கும்போது 50 செ.மீ.

திறந்த நிலையில் பானெட் கீழே சாயப் பார்க்கும் பலம்: 7 பெருக்கல் 50. அதாவது 350.

இனி ஸ்ட்ரட் பக்கம். அது மாட்டப்போகும் கோட்டுக்கும் கீலுக்கும் நடுவே செங்குத்தாக எவ்வளவு இடைவெளி? எங்கள் காரில், திறந்த நிலையில் 15 செ.மீ. 350-ஐ 15-ஆல் வகுத்தால் சுமார் 23 கிலோ. இரண்டு ஸ்ட்ரட் என்பதால் ஒன்றுக்கு 11.7 கிலோ. இது வெறுமனே சமநிலைக்கு. காற்று, வயதாவது, வாயு குறைவது எல்லாவற்றுக்கும் சேர்த்து கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கூட்டினால் 15 கிலோ. ஆக, ஒன்றுக்கு 150 நியூட்டன்.

நான் கார்ட்டில் போட்டு வைத்திருந்தது எவ்வளவு தெரியுமா? 300 நியூட்டன். சரியாக இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 150 நியூட்டன் ஜோடி மாட்டினால், திறந்த பானெட்டை மூட முன் விளிம்பில் சுமார் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும். அதுவே 300 நியூட்டன் ஜோடி என்றால் 5.5 கிலோ கொடுக்க வேண்டும். 'பரவாயில்லை, அழுத்திக்கலாம்' என்று தோன்றும். ஆனால் நீங்கள் அழுத்துவது நடுவில். ஸ்ட்ரட் எதிர்த்துத் தள்ளுவது இரண்டு ஓரங்களில், கீலுக்குப் பக்கத்தில். நடுவில் இருப்பது மெல்லிய தகடு. ஒவ்வொரு தடவையும் அது வில் மாதிரி லேசாக வளையும். சில மாதம் கழித்து பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையே இருக்கும் சந்து ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாகத் தெரியும். அப்புறம் டிங்கரிங் கடைக்குத்தான் போகணும்.

அதை விடப் பெரிய ஆபத்து லாக்கில். நம்மில் பலர் பானெட்டை மூடும் முறை என்ன? ஒரு சாண் உயரம் வரை இறக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. அது தன் எடையிலேயே விழுந்து 'டக்' என்று லாக் ஆகும். ஸ்ட்ரட் இல்லாதபோது, கடைசி நேரத்தில் லாக்கின் மேல் விழும் எடை அந்த 7 கிலோ. மூடும் நிலையில் ஸ்ட்ரட் கீலுக்கு மிக அருகில் படுத்துவிடும் (எங்கள் காரில் 4 செ.மீ. இடைவெளி). ஆனால் ராட் உள்ளே போனதால் வாயு இன்னும் நெருக்கப்பட்டு அதன் விசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கும். கணக்குப் போட்டால், 150 நியூட்டன் ஜோடி இருக்கும்போது லாக்கின் மேல் விழுவது 5.4 கிலோ. 300 நியூட்டன் ஜோடி என்றால் வெறும் 3.9 கிலோ. அதுவும் மெதுவாக விழும்.

விளைவு? முதல் லாக் மட்டும் பிடித்து, முழு லாக் பிடிக்காமல் போகலாம். பார்க்க மூடின மாதிரியே இருக்கும். வெளிவட்டச் சாலையிலோ செங்கல்பட்டு தாண்டியோ நூறில் போகும்போது, காற்று பானெட்டின் அடியில் புகுந்து தூக்கினால் அது நேராக விண்ட்ஷீல்டில் வந்து அறையும். முன்னால் சாலையே தெரியாது. தலையில் பானெட் விழாமல் இருக்க வாங்கிய பொருள், அதை விடப் பெரிய விபத்துக்கு வழி செய்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன்: இதில் தேவைக்கு அதிகமான பலம், பலவீனம் மாதிரியே ஆபத்து.

நம்ம ஊர் வெயில் இந்தக் கணக்கை மாற்றுமா?

மாற்றும். ஸ்ட்ரட்டில் அச்சிடப்பட்ட எண் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சூடானால் வாயுவின் அழுத்தம் கூடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் விசை சுமார் 3.4 சதவீதம் ஏறும். கத்திரி வெயிலில் ஜி.எஸ்.டி. சாலை டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த காரின் பானெட்டுக்கு அடியில் 70 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 150 நியூட்டன் ஸ்ட்ரட் சுமார் 175 ஆகியிருக்கும். அதே கார் ஊட்டியில் 5 டிகிரி குளிரில் நின்றால் சுமார் 142-ஆகக் குறையும்.

இதிலிருந்து ஒரு உபயோகமான டிப்ஸ்: பானெட் நிற்கிறதா என்று மதிய வெயிலில் சோதிக்காதீர்கள். விடியற்காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது சோதியுங்கள். அப்போது நின்றால் எப்போதும் நிற்கும். லாக் சரியாக விழுகிறதா என்பதை மட்டும் நன்றாகச் சூடான இன்ஜினோடு சோதியுங்கள்.

கிட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். உங்கள் கார் மாடலும் வருடமும் சரியாகக் குறிப்பிட்ட கிட்தான் வேண்டும். ஒரே பெயரில் வரும் காருக்குத் தலைமுறைக்குத் தலைமுறை பானெட்டின் எடையும் வளைவும் மாறும்.

நல்ல கிட் என்பது துளை போடாமல் மாட்டக்கூடியது. ஃபெண்டரிலும் பானெட் கீலிலும் கம்பெனி ஏற்கெனவே போட்டிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, அவற்றுக்கு அடியில் பிராக்கெட்டை வைத்து மறுபடி முடுக்க வேண்டும். 'ரெண்டு ஹோல் போட்டா வேலை முடிஞ்சிரும்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும். பாலவாக்கம், நீலாங்கரை மாதிரி கடல் காற்று வரும் இடங்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெல்டிங் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. மோதும்போது பாதசாரியின் தலை படக்கூடிய இடம் என்பதால், நசுங்கிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் பானெட்டையும் அதன் அடியில் இருக்கும் வெற்றிடத்தையும் வடிவமைக்கிறார்கள். அதனால் தடித்த இரும்புப் பட்டையை பானெட்டின் நடுப்பகுதியில் நீட்டி வைக்கும் கிட் வேண்டாம். பிராக்கெட் ஓரத்தில், கீலை ஒட்டி, சின்னதாக இருக்கணும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கார் ஆக்ஸஸரீஸ் வாங்கப் போகிறவர்கள், ஸ்ட்ரட்டைக் கையில் வாங்கி எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத ஸ்ட்ரட், எக்ஸ்பைரி தேதி இல்லாத மருந்து மாதிரி. புதுப்பேட்டையில் பழைய ஸ்ட்ரட் சல்லிசாகக் கிடைக்கலாம். கண்ணாடியோ கதவோ என்றால் சரி. உள்ளே எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்று வெளியே தெரியாத பொருளை செகண்ட் ஹேண்டில் வாங்குவது வேண்டாத வேலை.

மாட்டும் முறை: ஸ்டெப் பை ஸ்டெப்

கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேர வேலை. பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் கூடவே நின்று இவற்றைப் பாருங்கள்.

1. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். கம்பியை ஓட்டையில் சரியாகச் சொருகியிருக்க வேண்டும். கூடவே ஒருவர் பானெட்டைப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. கீல் போல்ட்டைத் தொடுவதற்கு முன், கீலைச் சுற்றி பென்சிலாலோ மாஸ்கிங் டேப்பாலோ அடையாளம் வைத்துவிடுங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் பானெட் நேராக உட்காராது.

3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றி, பிராக்கெட் வைத்து, முடுக்கிய பிறகுதான் அடுத்தது. பலம் காட்டி முடுக்காதீர்கள். 6 மி.மீ. போல்ட்டுகள் மரை போய்விடும்.

4. ஸ்ட்ரட்டை மாட்டும்போது சிலிண்டர் மேலே, அதாவது பானெட் பக்கம். ராட் கீழே, ஃபெண்டர் பக்கம். ஏன்? எண்ணெய் கீழே இறங்கி சீலின் மேல் நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து சீக்கிரம் கசியும். ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தாலே சீலைக் கிழித்துவிடும்.

5. இரண்டு முனையிலும் குண்டு மூட்டு முழுதாக உட்கார்ந்து, கிளிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. இனிதான் முக்கியமான கட்டம். கம்பியை எடுத்துவிட்டு, பானெட்டை ஒரே மூச்சில் மூடாதீர்கள். நாலு விரற்கடை இறக்குங்கள், நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். ஒயர், கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா, ஃபெண்டர் விளிம்பு எதிலும் படக் கூடாது. சந்தேகமான இடத்தில் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து மெதுவாக இறக்கிப் பாருங்கள். திறக்கும்போது மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ, அதுதான் உங்கள் இடைவெளி.

7. முழுதாக மூடிய நிலையிலும் ராட் இன்னும் சில மி.மீ. உள்ளே போக இடம் இருக்க வேண்டும். அதுவே முட்டி நின்றால், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது பிராக்கெட்டும் ஃபெண்டரும்.

8. மூடிய பிறகு, பானெட்டின் முன் விளிம்பைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. டேஷ்போர்டில் பானெட் எச்சரிக்கை விளக்கு உள்ள காராக இருந்தால் அதையும் பாருங்கள். இதைப் பத்து தடவை திறந்து மூடிச் செய்யுங்கள்.

9. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய கம்பியைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியில் எதை மாற்றினாலும் 'போலீஸ் பிடிப்பாங்களா?' என்ற கேள்வி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களுக்கு முரணாக மாற்றம் செய்யக் கூடாது என்பதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இன்ஜின், நிறம், இருக்கை எண்ணிக்கை மாதிரி விவரங்கள் ஆர்.சி.யில் உண்டு. பானெட்டை எது தாங்குகிறது என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் புல் பார் மாதிரி இது பிறரைத் தாக்கும் பொருளும் இல்லை. எனவே துளை போடாத, கழற்றிவிட்டால் பழையபடி ஆகிவிடும் ஒரு கிட்டை அந்த வகையில் சேர்ப்பது கடினம். ஆனால் பானெட்டின் உள் சட்டத்தை வெட்டியோ வெல்டிங் வைத்தோ மாட்டினால் கதை வேறு.

போலீஸை விட வாரன்டியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கார் வாரன்டியில் இருந்தால், சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுங்கள். வெளியே மாட்டிய பொருளால் பானெட்டுக்கோ பெயின்ட்டுக்கோ வந்த கோளாறை ஏற்க மறுக்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் அல்லாத ஆக்ஸஸரீஸ் என்று சேர்த்துச் சொல்லிவிடுவதும் நல்லது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

திறந்த பானெட் மெதுவாக இறங்க ஆரம்பித்தால், ராடில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், அல்லது ராடின் பளபளப்பில் துருப் புள்ளிகள் வந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது. வெள்ளத்தில் மாட்டிய காராக இருந்தால், சேறு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த மண் ராடோடு சேர்ந்து உள்ளே போனால் சீல் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பானெட் முறுக்கிக்கொள்ளும். இதே விதி உங்கள் டிக்கிக்கும் பொருந்தும். மாற்றும்போது ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றியதை காயலான் கடையில் போடும்போது, உள்ளே அழுத்தம் இருக்கிறது, வெட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேஸ் கட்டரோடு அதை எடுப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நிச்சயமில்லை.

சரி, நான் என்ன செய்தேன்?

கார்ட்டில் இருந்த 300-ஐத் தூக்கிவிட்டு, எங்கள் மாடலுக்கான 150 நியூட்டன் கிட் வாங்கி மாட்டினோம். இப்போது ஒரு கையால் தூக்கினால் பாதிக்கு மேல் அதுவே போய் நிற்கிறது. லாரி காற்றுக்கு லேசாக அசைகிறது, விழுவதில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: ஸ்ட்ரட் பானெட்டைப் பூட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு நிற்கிறது. பலத்த காற்று அதை மூடவும் முடியும். அதனால் அடியில் குனிந்து நீண்ட நேரம் வேலை பார்க்கும்போது கம்பியையும் சொருகிவிடுகிறோம். எலிக்குப் பயந்து ராத்திரி திறந்து வைத்தாலும் அப்படித்தான்.

கிட் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் கொக்கித் தராசை எடுங்கள். ஐந்து நிமிடக் கணக்குதான். ஒருவேளை கணக்கெல்லாம் போட்டுவிட்டு 'மாதம் ஒரு தடவை திறப்பதற்கு இது எதற்கு?' என்று தோன்றினால், அதுவும் சரியான முடிவே. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கம்பியைச் சொருகியதும் பானெட்டை லேசாக ஒரு தடவை மேலே தூக்கிப் பார்த்து, கம்பி ஓட்டையை விட்டு வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது அந்த ஒரு நொடி வேலையைத்தான்.